பயணிகள் மிஷன் எழுதினால் சரக்கு மிஷன் மாதிரியே வந்து நிற்கிறது, எங்கே தப்பு?

பாளை ராக்கெட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து, கணினி விளையாட்டு செய்ய உதவும் கோடோ (Godot) என்ற மென்பொருளில் ஒரு விண்வெளி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன், இரண்டு வருடம் ஆகப்போகிறது. பூமியைச் சுற்றும் நிலையங்கள், நிலா, செவ்வாய், அவ்வளவுதான் இடம். சண்டை கிடையாது. கப்பலை ஓட்ட வேண்டும், எரிபொருளைக் கணக்குப் பார்க்க வேண்டும், கப்பலை மெதுவாகக் கொண்டுபோய் நிலையத்தோடு பூட்ட வேண்டும். இயற்பியல் முடிந்தவரை உண்மையாகவே வைத்திருக்கிறேன்.

சரக்கு மிஷன் பதினொன்று எழுதிவிட்டேன், அவை நன்றாக ஓடுகின்றன. சிக்கல் பயணிகள் மிஷனில்தான். முதலில் நான் செய்தது என்னவென்றால், "8 டன் தண்ணீர்" என்று இருந்த இடத்தில் "4 பயணிகள்" என்று மாற்றினேன், கூலியைக் கொஞ்சம் கூட்டினேன், கெடு வைத்தேன். என் சிநேகிதன் ஒருத்தன் விளையாடிப் பார்த்துவிட்டு, "எல, அந்த நாலு பேரும் பொட்டிக்குள்ளயா இருக்காவ?" என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். ஏற்றினேன், இறக்கினேன், நடுவில் அவர்கள் இருந்ததே தெரியவில்லை.

அப்புறம் திருப்தி அளவு என்று திரையில் ஒரு பச்சைக் கோடு வைத்தேன். தாமதமானால் குறையும், குலுங்கினால் குறையும். அது இன்னும் மோசம். விளையாடுகிறவர்கள் வெளியே பூமியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற விளையாட்டுகளையும் பார்த்தேன். எலீட் டேஞ்சரஸில் 2016-இல் பயணிகள் அறைகள் வந்தன, சாதா வகுப்பு முதல் சொகுசு வகுப்பு வரை. அறை வாங்கிப் பொருத்தும்போது இருந்த ஆசை பத்தாவது பயணத்தில் எனக்கு இல்லை. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் சுற்றுலாப் பயணிகள் ஒப்பந்தம் உண்டு, இன்னாருக்கு நிலவைச் சுற்ற வேண்டும், இன்னாருக்கு இறங்க வேண்டும் என்று பட்டியல் வரும். நான் ஆறு பேரின் பட்டியலை ஒன்றாகச் சேர்த்து ஒரே கப்பலில் அடைத்து அனுப்பிக் காசு பார்த்தேன், ஒருத்தர் முகமும் நினைவில் இல்லை.

ஆள் ஏறியிருக்கிறது என்பதை ஓட்டுகிறவன் கையில் உணர வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். எப்படிச் செய்யலாம்?

சாரல் வேன் எழுதியது:

தம்பி, எனக்கு கோடோ எல்லாம் தெரியாது, என் மகன் விளையாடுவான், அவன்தான் இதைக் காட்டினான். ஆனால் ஆள் ஏற்றிப் போவது தெரியும். பதினாலு வருடமாக வேன் ஓட்டுகிறேன், ஜூன் பிறந்தால் குற்றாலம், மற்ற நாளில் கல்யாணம், திருச்செந்தூர், கன்னியாகுமரி.

சரக்கு ஏற்றும்போது நான் பார்ப்பது எடை, கயிறு, தார்ப்பாய். ஆள் ஏறும்போது முதலில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பேன். வாந்தி எடுக்கிற பிள்ளை முன்பக்கம், ஜன்னல் ஓரம், கையில் ஒரு எலுமிச்சம்பழம். முட்டி வலி உள்ள பெரியவர் கதவுக்குப் பக்கத்தில். கடைசி வரிசையில் இளவட்டங்கள், அவர்களுக்குப் பள்ளத்தில் விழுந்தால் சந்தோஷம். அதே பள்ளம்தான், முன்னால் இருக்கிற ஆச்சிக்கு இடுப்பு போய்விடும். அதனால் யார் ஏறியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதே ஆலங்குளம் ரோட்டை நான் வேறு வேறு மாதிரி ஓட்டுவேன். பச்சைக் கோடு பார்த்து ஓட்டவில்லை. பின்னால் பேச்சு நின்றுபோனால் எனக்குத் தெரிந்துவிடும், ஏதோ சரியில்லை என்று. கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பேன். மாஞ்சோலை பஸ்ஸில் மலை ஏறினவர்களுக்கு நான் சொல்வது புரியும், மூன்றாவது வளைவில் சத்தம் அடங்கும் பாருங்கள், அது.

உன் விளையாட்டில் கோட்டை எடுத்துவிட்டு அவர்களைப் பேச விடு. சந்தோஷமாக இருக்கும்போது பேச்சு, பாட்டு, பிள்ளைகள் கேள்வி. பிடிக்காதபோது அமைதி. ஓட்டுகிறவன் தானாகவே கையைத் தளர்த்துவான்.

இன்னொன்று. சீசனில் அடிக்கடி நடப்பது இது. பன்னிரண்டு பேர் குடும்பம், நெல்லையில் இருந்து ஆசை ஆசையாகக் கிளம்பி வருவார்கள். போய்ப் பார்த்தால் பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டிக் கொட்டும், குளிக்கத் தடை. அப்போதுதான் என் வேலையே ஆரம்பிக்கும். ஐந்தருவி எப்படி, பழைய குற்றாலம் எப்படி, அங்கேயும் இல்லையென்றால் பாபநாசம் போகலாமா, பிள்ளைகளுக்குப் பசிக்கிறதா, எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கும் ஆள் கூட்டிப்போகத் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அரை மணி நேரத்தில் தெரியும். அதை மிஷனாக வை. போகிற இடம் அடைத்துக் கிடக்கிறது, ஏறினவர்கள் முகத்தைப் பார்த்து நீ முடிவு செய்ய வேண்டும்.

மகேந்திரகிரி அடிவாரம் எழுதியது:

அண்ணாச்சி சொன்ன பள்ளம் விண்வெளியில் முடுக்கம். அங்கே இருந்து தொடங்குங்கள்.

உங்கள் கப்பல் 30 டன், இஞ்சின் தள்ளுவது 600 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது முடுக்கம் 20, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 20 மீட்டர் கூடும், இருக்கையில் புவியீர்ப்பின் 2 மடங்கு அமுக்கம், 2 ஜி. எரிபொருள் எரிந்து எரிந்து கப்பல் 12 டன்னாகக் குறைந்தால் அதே இஞ்சின் அதே தள்ளலில் 50 கொடுக்கும், 5 ஜிக்கு மேல். சரக்கு ஓட்டும்போது இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு வலிக்காது. ஆள் இருந்தால் கடைசி ஒரு நிமிடத்தில் கை தானாக த்ராட்டிலை, அதாவது இஞ்சின் தள்ளலைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, குறைக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் இதைத்தான் செய்தது, மேலே போகப்போக இஞ்சினைத் தணித்து 3 ஜியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். தணித்து எரித்தால் நேரம் கூடும், எரிப்பை முன்னதாகத் தொடங்க வேண்டும், கணக்கே மாறும். நீங்கள் கேட்ட கை உணர்வு இதில் இருக்கிறது.

எந்தத் திசையில் அமுக்கம் என்பதையும் பாருங்கள். மல்லாந்து படுத்து நெஞ்சின் மேல் வாங்கினால் மனிதன் நிறையத் தாங்குவான், தலையில் இருந்து கால் பக்கமாக வந்தால் ரத்தம் கீழே இறங்கி மயக்கம் வரும். சோயுஸ் விண்கலம் சாதாரணமாகத் திரும்பும்போது 4 ஜி அளவில் இருக்கும். 2008 ஏப்ரலில் ஒரு சோயுஸ் சரியாக வழிநடத்த முடியாமல் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியபோது உள்ளே இருந்த மூன்று பேரும் 8 ஜிக்கு மேல் வாங்கினார்கள், உயிரோடு வந்தார்கள். ஆகவே விளையாட்டில் எல்லையை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். எத்தனை ஜி, எத்தனை நொடி, எந்தத் திசை, மூன்றும் சேர்ந்துதான்.

அப்புறம் நம் ஊர் விஷயம் ஒன்று. எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் மகேந்திரகிரி மலை தெரியும். அங்கே இஸ்ரோ வளாகத்தில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக சிஇ-20 கிரையோஜெனிக் இஞ்சினைச் சோதித்தார்கள். அந்த இஞ்சின் ஏற்கனவே செயற்கைக்கோள்களைக் கொண்டுபோன இஞ்சின்தான், சந்திரயான்-3 அதில்தான் போனது. ஆனாலும் மனிதர் ஏறத் தகுதி என்று சொல்ல வேண்டுமென்றால் குறைந்தது 6,350 நொடி எரித்துக் காட்ட வேண்டும் என்று விதி. நான்கு இஞ்சின்களை வைத்து 39 முறை, மொத்தம் 8,810 நொடி எரித்து 2024 பிப்ரவரியில் முடித்தார்கள். பெட்டியைத் தூக்கிய இஞ்சினை ஆளைத் தூக்க விடுவதற்கு முன் இவ்வளவு. இதை உங்கள் விளையாட்டில் கொண்டுவாருங்கள். பயணிகள் மிஷன் முதல் நாளே கிடைக்கக் கூடாது. அதே கப்பலில் சரக்கு ஏற்றி, அதே இஞ்சினை இத்தனை நொடி பிசகு இல்லாமல் எரித்துக் காட்டினால்தான் முதல் ஆள் ஏறுவார். அப்படிச் சம்பாதித்து ஏற்றிய முதல் பயணியை விளையாடுகிறவன் மறக்க மாட்டான்.

பாளை ராக்கெட் எழுதியது:

அண்ணாச்சி, அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பேச்சு அடங்குவது என்பதை நான் யோசிக்கவே இல்லை, அதை இன்றைக்கே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம், ஆள் இருந்தால் இஞ்சின் 3 ஜியைத் தாண்டாதபடி நானே நிரலில் தடுத்துப் பூட்டிவிடலாமா?

மகேந்திரகிரி அடிவாரம் எழுதியது:

பூட்டாதீர்கள். பூட்டினால் மறுபடியும் கவனிக்க ஒன்றும் இருக்காது. தாண்ட முடியும், ஆனால் பின்னால் என்ன ஆகும் என்று தெரியும், அப்படி இருக்கட்டும். ஆபத்தில் தப்பிக்கத் தாண்ட வேண்டிய ஒரு இடமும் எங்காவது வையுங்கள்.

வார்டு அக்கா எழுதியது:

நான் பதினோரு வருடமாக நர்ஸ். தென்காசிப் பக்கமிருந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு ஆம்புலன்ஸில் வந்த அனுபவம் நிறைய. இங்கே யாரும் இன்னும் சொல்லாத ஒன்று, அதனால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்தவரை ஏற்றினால் டிரைவரிடம் ஒரே வார்த்தைதான் சொல்வேன், சீக்கிரம். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதில் பாதி நேரம் வீட்டிலேயே போயிருக்கும். முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றினால் அதே டிரைவரிடம் மெதுவாக என்பேன், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் சொல்லிவிட்டு ஏற்றச் சொல்வேன். அதே வண்டி, அதே ரோடு, அதே தூரம், ஓட்டுவது நேர் எதிர். ஒரு தடவை இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தது, விழுந்ததால் முறிவு, உள்ளே ரத்தக் கசிவு வேறு. அன்றைக்கு அந்த டிரைவர் ஓட்டின ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நேர் ரோட்டில் பறந்தார், ரோடு கெட்ட இடம் வருவதற்கு அரை ஃபர்லாங் முன்பே தணித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைப்பது மாதிரி வண்டியைக் கடத்தினார். நான் நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு, பாதி நேரம் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, நிலாவில் இருந்து ஒரு நோயாளியைக் கொண்டுவரும் மிஷன் வை. சாதாரணப் பாதையில் மூன்று நாள் என்கிறார்கள். சீக்கிரம் வர எரிபொருள் அதிகம், வேகமாக வந்தால் காற்று மண்டலத்தில் இறங்கும்போது அமுக்கமும் அதிகம். யாருக்கு எது என்று நோயாளியைப் பார்த்து ஓட்டுகிறவர் தீர்மானிக்கட்டும். கூட ஒரு நர்சையும் உட்கார வை, தயவுசெய்து. அவள் "இப்போது வேண்டாம், ஒரு நிமிடம் பொறு" என்று சொன்னால் எரிப்பைத் தள்ளிப்போடலாமா வேண்டாமா என்று அவன் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது ஸ்டேஜ் எழுதியது:

நான் மென்பொருள் வேலை, இப்போது ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே செய்கிறேன். தரவு எப்படி வைப்பது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "பயணிகள்: 4" என்று ஒரு எண்ணாக வைத்திருக்கிறீர்கள், அந்த எண்ணில் இருந்து கதை வராது. ஒவ்வொருவரையும் தனிப் பதிவாக வையுங்கள். எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எதற்காகப் போகிறார், எவ்வளவு தாங்குவார், எவ்வளவு பொறுப்பார், முன்பு எத்தனை தடவை எடையில்லாமல் இருந்திருக்கிறார். கடைசியாகச் சொன்னது முக்கியம், விண்வெளிக்கு முதன்முறை போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல் இருக்கும். அப்படி ஒருவர் இருக்கும்போது கப்பலை வீணாகச் சுழற்றினால் அண்ணாச்சி சொன்ன அந்த அமைதி வந்துவிடும்.

எங்கே ஏறி எங்கே இறங்குகிறார் என்று தனித்தனியாக வைத்தால் இன்னொரு விளையாட்டும் கிடைக்கும். நெல்லையில் இருந்து திருச்செந்தூர் போகிற பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். செய்துங்கநல்லூரில் ஒருவர் இறங்குவார், அந்த சீட்டில் இன்னொருவர் ஸ்ரீவைகுண்டம் வரை வருவார், ஆழ்வார்திருநகரியில் ஒரு கூட்டம் ஏறும், குரும்பூரில் பாதி காலியாகும். ஒரு சீட்டு ஒரே நடையில் மூன்று தடவை விற்கும். எந்த ஸ்டாப்பில் எத்தனை இடம் காலியாகும் என்று கண்டக்டர் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சரக்குக்கு இது கிடையாது, ஏற்றிய இடத்தில் ஏற்றி இறக்கும் இடத்தில் இறக்கினால் முடிந்தது. பூமியைச் சுற்றி உங்களிடம் எத்தனை நிலையம் இருக்கிறது? நான்கு இருந்தாலே போதும், ஒரு ரூட் பஸ் ஓட்டலாம்.

அண்ணாச்சி சொன்ன இடம் மாறும் மிஷன் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குற்றாலத்தில் இருந்து பாபநாசத்துக்கு வண்டியைத் திருப்பலாம். பூமிச் சுற்றுப்பாதையில் இருந்து நிலாவுக்குக் கிளம்ப நொடிக்கு 3.1 கிலோமீட்டர் வேக மாற்றம் வேண்டும், அதை எரித்துவிட்ட பிறகு "நிலையம் மூடிவிட்டது, வேறு எங்காவது போ" என்றால் போக எரிபொருள் இருக்காது. விளையாடுகிறவன் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான், அது நியாயமும்கூட. ஒன்று, எரிப்பதற்கு முன்பே அரைகுறையாகச் சேதி வர வேண்டும். இல்லையென்றால் போய்ச் சேர முடிகிற மாற்று இடம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நிலாவின் பின்பக்கம் சுற்றி இஞ்சின் போடாமலே பூமிக்குத் திரும்பும் பாதை உண்டு, 1970-இல் அப்பல்லோ 13 நிலாவில் இறங்க முடியாமல் போனபோது அப்படிப்பட்ட பாதையைப் பிடித்துத்தான் வந்தார்கள். அந்தப் பாதையில் முதலிலேயே போக வேண்டுமா, அல்லது எரிபொருளை மிச்சப்படுத்தும் வேறு பாதையா என்று கிளம்பும்போதே தேர்வு செய்ய விடலாம்.

சாரல் வேன் எழுதியது:

அதுவும் சரிதான். நானும் இப்போதெல்லாம் ஜங்ஷனில் வண்டி எடுக்கும் முன்பே அங்கே தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டு, தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அந்த போனையும் விளையாட்டில் வை தம்பி. கேட்டுவிட்டுக் கிளம்பினவனுக்கும் கேட்காமல் கிளம்பினவனுக்கும் வித்தியாசம் இருக்கட்டும்.

பாளை ராக்கெட் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், ஆடிட் வேலை. பழைய பயணிகள் மிஷன் ஆறையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினேன்.

பயணி ஒரு வயதான அம்மா. வாழ்நாள் முழுக்கத் தாமிரபரணிக் கரையில் இருந்தவர், மேலே இருந்து ஊரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார். நிலையம் எதிலும் பூட்ட வேண்டாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும், ஊர் கீழே வரும்போது அவர் பக்கத்து ஜன்னல் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். எளிதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டால், கன்னியாகுமரிக்கு மேலே இருந்து சென்னைக்கு மேலே போக ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பொதிகை மலையில் தொடங்கி புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை ஆறு முழுவதும் நன்றாகத் தெரிவது அதிலும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் கப்பலைத் திருப்பி நிறுத்த வேண்டும், வேகமாகத் திருப்பினால் அம்மாவுக்குத் தலை சுற்றும், மெதுவாகத் திருப்பினால் ஊர் போய்விடும். அதனால் அரபிக்கடல் மேலேயே தயாராக வேண்டியிருக்கிறது. ஐப்பசி மாதத்தில் கிளம்பினால் மேகம் வேறு.

சிநேகிதனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் சுற்றில் மேகம், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஆனால் ஒரு சுற்று முடிய சுமார் 92 நிமிடம், அதற்குள் பூமி இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் உருண்டுவிடும், அடுத்த சுற்று கடல் மேல்தான் போகிறது. ராத்திரி ஒரு முறை ஊர் மேல் வந்தது, விளக்குகள் மட்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் வர மறுநாள் ஆகும். அதுவரை இருக்கலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்கும்படி எழுதியிருந்தேன், அவர் "உனக்குச் சிரமம் இல்லையென்றால் இருக்கேன் ராசா" என்பார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன், அவன் அதைக் கணக்குப் பார்த்தான், இரண்டு பேருக்கு இன்னும் ஒன்றரை நாளுக்குத்தான் இருந்தது. இருக்கலாம் என்று முடிவு செய்தான். மறுநாள் மேகம் விலகியிருந்தது. கப்பலை அவ்வளவு மெதுவாக அவன் திருப்பி நான் பார்த்ததே இல்லை. ஜன்னலில் ஆறு வந்ததும் அந்த அம்மா பேசுவதற்காக நான் எழுதி வைத்திருந்த ஏழு வரியையும் ராத்திரியே அழித்துவிட்டேன், அவர் ஒன்றும் பேசாமல் இருந்ததுதான் நன்றாக இருந்தது.

ஆனால் அங்கே ஒரு குழப்பம் வந்துவிட்டது. அண்ணாச்சி சொன்னபடி அமைதி என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம், இங்கே அமைதி வேறு. சிநேகிதன் ஒரு நொடி பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். இரண்டு அமைதிக்கும் வித்தியாசம் எப்படிக் காட்டுவது?

சாரல் வேன் எழுதியது:

கண்ணாடி வை தம்பி. நான் பின்னால் பார்ப்பது அதில்தான். முகம் வேண்டாம், கையைக் காட்டினால் போதும். வாந்தி வருகிறவர் கை முன் சீட்டைப் பிடித்திருக்கும், வேடிக்கை பார்க்கிறவர் கை ஜன்னல் கம்பியில் இருக்கும். சனிக்கிழமைக்குள் முடிந்தால் இங்கே போடு, மகன் விளையாடும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.